மாநிலத்தின் கஜானாவுக்கு யார் பொறுப்பு? அம்பேத்கர் நூறு வருடங்களுக்கு முன் போட்ட கணக்கு

கடைசியாக நீங்கள் வாங்கிய ஏதாவது ஒரு பொருளின் பில்லை எடுத்துப் பாருங்கள். செருப்பு, மிக்ஸி, எதுவாக இருந்தாலும் சரி. அடியில் இரண்டு தொகைகள் இருக்கும்: சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. முதலாவது மத்திய அரசுக்கு, இரண்டாவது உங்கள் மாநிலத்துக்கு. அண்ணன் தம்பி பாகம் பிரித்த மாதிரி சரிபாதியாக இருக்கும். ஆனால் அந்த இரண்டாவது தொகையை ஒரு சதவீதம் கூட்டவோ குறைக்கவோ உங்கள் மாநில அரசு தானாக முடிவெடுக்க முடியுமா? நடைமுறையில் முடியாது. ஜிஎஸ்டி கவுன்சிலில் எல்லோரும் கூடித்தான் முடிவெடுக்கணும்.

ஒரு மாநில அரசு செலவழிக்கும் பணத்தை அந்த அரசே வரியாக வசூலிக்க வேண்டுமா, இல்லை மேலே இருந்து வந்தால் போதுமா? ஜிஎஸ்டி வந்த பிறகு கிளம்பிய கேள்வி என்று நினைக்காதீங்க. நூறு வருடங்களுக்கு முன்பே நியூயார்க்கில் படித்துக்கொண்டிருந்த ஓர் இந்திய மாணவர் இதையே தன் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். பீம்ராவ் ராம்ஜி அம்பேத்கர்.

அரசியலமைப்பை எழுதியவர், சாதிக்கு எதிராகப் போராடியவர் என்று நாம் படித்த அம்பேத்கரின் முதல் தொழில் பொருளாதாரம். அதிலும் குறிப்பாக, அரசின் வரவு செலவு. பிற்காலத்தில் மத்திய, மாநில அதிகாரங்கள் பற்றி அவர் எடுத்த முடிவுகளைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், இந்த இளம் பொருளாதார அறிஞரைத் தெரிந்துகொள்ளாமல் முடியாது.

மோவிலிருந்து நியூயார்க்

1891 ஏப்ரல் 14-ம் தேதி, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மோவ் ராணுவ முகாமில் பிறந்தார். அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். பூர்வீகம் கொங்கண் பக்கம், ரத்னகிரி மாவட்டத்தில் அம்படவே கிராமம். பதினான்காவது பிள்ளை. மஹர் சாதியில் பிறந்ததால் பள்ளியில் தனியாக ஒரு கோணிச் சாக்கில் உட்கார வேண்டியிருந்ததும், தண்ணீரைத் தானாக எடுத்துக் குடிக்க முடியாமல் இருந்ததும் நீங்கள் கேள்விப்பட்ட கதைதான்.

1912-ல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். பாடம்: பொருளாதாரமும் அரசியலும். அடுத்த வருடம் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் அவருக்கு உதவித்தொகை கொடுத்தார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருடங்களுக்கு. படித்து முடித்துத் திரும்பியதும் பத்து வருடம் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1913-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர்களில் ஒருவர் எட்வின் செலிக்மன். வரி, பொது நிதி ஆகிய துறைகளில் அந்தக் காலத்தில் உலகமே மதித்த பெயர். 1915-ல் எம்.ஏ. பட்டத்துக்காக அம்பேத்கர் எழுதியது கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றி. அடுத்து முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது, பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாணங்களுக்கும் மத்திய அரசுக்கும் இடையே பணம் எப்படிப் பங்கிடப்பட்டது என்ற வரலாறு. 1925-ல் லண்டனில் பி.எஸ்.கிங் பதிப்பகம் அதைப் புத்தகமாக வெளியிட்டது. செலிக்மன் முன்னுரை எழுதினார். நூலைப் பரோடா மன்னருக்குக் காணிக்கையாக்கியிருந்தார் அம்பேத்கர். கொலம்பியா முறைப்படி முனைவர் பட்டம் வழங்கியது 1927-ல்.

ஆய்வை எழுதியதற்கும் பட்டம் வாங்கியதற்கும் நடுவே பத்து வருடத்துக்கும் மேல் இடைவெளி இருக்கிறதே, ஏன்? பணம்தான். 1916-ல் லண்டன் போனவர், உதவித்தொகை முடிந்துவிட்டதால் 1917-ல் பாதியில் திரும்பினார். அவர் கப்பலில் அனுப்பிய புத்தகங்கள் முதல் உலகப்போர்த் தாக்குதலில் கடலோடு போயின. பரோடாவில் வேலை கிடைத்தது, தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். விஷயம் தெரிந்து தடியோடு ஆட்கள் வந்து நின்றார்கள். ஊரையே விட்டு வந்துவிட்டார். பிறகு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் வேலை. அதில் மிச்சம் பிடித்தது, கோலாப்பூர் சாகு மகாராஜா கொடுத்தது, நவல் பதேனா என்ற பார்சி நண்பரிடம் வாங்கிய கடன் எல்லாவற்றையும் சேர்த்து 1920-ல் மறுபடி லண்டன். மனைவி ரமாபாய் பம்பாயில் வறுமையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

லண்டன் பொருளாதாரப் பள்ளியில் 1921-ல் எம்.எஸ்சி. அதுவும் மாகாண நிதி பற்றித்தான். பிறகு ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்சி. (அந்த ஆய்வை வைத்துத்தான் ரிசர்வ் வங்கியே தொடங்கப்பட்டது என்று உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். 1925-ல் ஹில்டன் யங் கமிஷன் முன்பு அவர் சாட்சியம் அளித்தது உண்மை. வங்கியை அவரே உருவாக்கினார் என்பது மிகை. அவருக்கு அந்த மிகை தேவையும் இல்லை.)

வரவு ஒருவர் கையில், செலவு இன்னொருவர் கையில்

சரி, அந்த மாகாண நிதிப் புத்தகத்தில் என்னதான் இருக்கிறது?

கதை 1833-ல் தொடங்குகிறது. அந்த வருடச் சாசனச் சட்டம், சென்னை, பம்பாய் மாகாணங்களின் நிதி அதிகாரத்தை மொத்தமாக எடுத்து கல்கத்தாவில் இருந்த கவர்னர் ஜெனரலிடம் கொடுத்தது. வரி வசூலிப்பது மாகாண அதிகாரிகள். பள்ளி, போலீஸ், சாலை எல்லாம் நடத்துவதும் அவர்கள்தான். ஆனால் வசூலான ஒவ்வொரு ரூபாயும் கல்கத்தாவின் கணக்கு. சின்னச் சம்பளத்தில் ஒரு புது வேலையை உருவாக்கக்கூட அங்கிருந்து உத்தரவு வரணும்.

இதன் விளைவு என்னவாக இருக்கும் என்று நீங்களே யூகிக்கலாம். கூட்டுக் குடும்பத்தில் சம்பாத்தியம் எல்லாம் பெரியவர் பெட்டிக்குப் போகிறது, செலவுக்கு அவரிடம்தான் கேட்கணும் என்றால் தம்பிகள் என்ன செய்வார்கள்? சிக்கனமாக இருக்க மாட்டார்கள். மிச்சம் பிடித்தால் அது அவர்களுடையது இல்லையே. பெரிதாகக் கேட்பார்கள், சத்தமாகக் கேட்பார்கள். மாகாணங்களும் அதையேதான் செய்தன. தேவை உள்ளவனுக்குக் கிடைப்பதைவிட, விடாமல் நச்சரிப்பவனுக்கே அதிகம் கிடைத்தது. செலவழிப்பவனுக்கு வசூலிக்கும் வலி தெரியாது; வசூல் பெட்டியை வைத்திருப்பவனுக்குச் செலவின் தேவை தெரியாது.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு கடன் ஏறிப்போனது. 1860-ல் வருமான வரி வந்தது, அப்போதும் போதவில்லை. கடைசியில் 1870 டிசம்பரில் வைஸ்ராய் மேயோ ஒரு தீர்மானம் போட்டார். சிறை, போலீஸ், கல்வி, மருத்துவம், சாலை போன்ற துறைகளை மாகாணங்களிடம் விட்டு, அவற்றுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையைக் கொடுத்துவிடுவது. அதற்கு மேல் வேண்டுமானால் மாகாணமே உள்ளூரில் வரி போட்டுக்கொள்ளட்டும். மத்திய - மாநில நிதிப் பங்கீடு இந்தியாவில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 1877-ல் வெறும் தொகைக்குப் பதிலாக சில வருவாய் இனங்களையே மாகாணங்களுக்கு ஒதுக்கினார்கள். 1882-லிருந்து நிலவரி போன்ற பெரிய இனங்களை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பங்கு விகிதம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறும்.

இந்த ஐந்து வருட மறுபரிசீலனைதான் வில்லங்கம். சிக்கனமாக நடத்தி மிச்சம் வைத்திருந்த மாகாணத்தைப் பார்த்து, உன்னிடம்தான் உபரி இருக்கிறதே என்று மத்திய அரசு பங்கைக் குறைத்துவிடும். ஆகவே கெடு முடியும் வருடம் நெருங்கினால் மாகாணங்கள் கஜானாவைக் காலி செய்யப் பார்த்தன. மார்ச் மாதம் வந்தால் அரசு அலுவலகங்களில் திடீரென்று புது நாற்காலி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே மனநிலை, மாகாண அளவில்.

இவ்வளவையும் ஆவணங்களோடு அடுக்கிவிட்டு அம்பேத்கர் வந்து சேரும் இடம் முக்கியமானது. பார்த்தவர்கள் பலர் இதை ஒருவகைக் கூட்டாட்சி என்று நினைத்தார்கள். மாகாணத்துக்கென்று தனி பட்ஜெட், தனி வருவாய் எல்லாம் இருக்கிறதே என்று. அவர் அதை ஏற்கவில்லை. சட்டப்படி பார்த்தால் மாகாணத்துக்கென்று ஒரு பைசா வருவாய் கிடையாது, கடன் வாங்கும் உரிமை கிடையாது, தன் பட்ஜெட்டைத் தானே இறுதி செய்யும் அதிகாரமும் கிடையாது. கணக்குப் புத்தகத்தில் பக்கம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பங்கு எவ்வளவு பெரியது என்பதை வைத்து ஓர் அரசு சுயாட்சி பெற்றதா என்று சொல்ல முடியாது. அந்தப் பங்கை யார் நினைத்தால் மாற்றலாம் என்று பார்க்க வேண்டும்.

மற்றொன்றும் சொல்கிறார். நிலவரியும் உப்பு வரியும் ஏழையை அழுத்தின. பணம் ராணுவத்துக்கும் நிர்வாகத்துக்கும் போனது. பள்ளிக்கு மிச்சம் இல்லை. வரி கொடுப்பவனுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத அரசு வேறு எப்படி இருக்கும் என்பது அவர் கேள்வி. நிதிப் பங்கீட்டுச் சிக்கலுக்கான விடை நிதித்துறைக்குள் இல்லை, ஆட்சிமுறையில் இருக்கிறது என்று நூல் முடிவை நோக்கி நகர்கிறது. பொருளாதார மாணவர் அரசியலுக்குப் போன வழி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்னை கட்டிய 348 லட்சம்

புத்தகம் 1921-ல் முடிகிறது. அந்த வருடம் மாண்டேகு - செம்ஸ்போர்டு சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்து, வருவாய் இனங்கள் முதல்முறையாக முழுசாகப் பிரிக்கப்பட்டன. நிலவரி, கலால், முத்திரைத்தாள் மாகாணங்களுக்கு. சுங்கம், வருமான வரி, உப்பு, அபின் மத்திய அரசுக்கு.

பிரித்ததும் மத்திய அரசுக்குப் பள்ளம் விழுந்தது. அதை நிரப்ப 1920-ல் மெஸ்டன் பிரபு தலைமையில் ஒரு குழு போட்டார்கள். மாகாணங்கள் வருடத்துக்கு 983 லட்சம் ரூபாய் மத்திய அரசுக்குக் கட்டணும் என்றது குழு. அதில் சென்னை மாகாணத்தின் பங்கு மட்டும் 348 லட்சம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஐக்கிய மாகாணம் 240, பஞ்சாப் 175, வங்காளம் 63, பம்பாய் 56. பீகார் - ஒரிசாவுக்கு எதுவும் இல்லை. நிலவரி முழுக்க மாகாணத்துக்கு வந்ததில் சென்னைக்குத்தான் அதிக லாபம் என்பது குழுவின் வாதம். வருமான வரி கைநழுவிப் போனதால் குறைவாகக் கட்டிய பம்பாயும் புலம்பியது. எல்லோருக்கும் எரிச்சல். 1928-29-ல் இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. தெற்கு அதிகம் கொடுக்கிறது, வடக்கு அதிகம் வாங்குகிறது என்று இன்று டிவி விவாதங்களில் கேட்கிறீர்களே, அதற்கு நூறு வயது ஆகிவிட்டது.

அந்தச் சீர்திருத்தத்தில் இன்னொரு கோளாறும் இருந்தது. கல்வி, சுகாதாரம் போன்ற துறைகள் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர்களிடம். நிதித்துறை மட்டும் கவர்னர் பக்கம். திட்டம் போடுகிறவர் ஒருவர், பெட்டிச் சாவி வைத்திருப்பவர் இன்னொருவர். 1833-ல் கல்கத்தாவுக்கும் மாகாணத்துக்கும் இடையே இருந்த அதே விரிசல், இப்போது ஒரே மாகாண அரசுக்குள். இரட்டை ஆட்சியை அம்பேத்கர் கடுமையாக எதிர்த்ததற்கு இது பெரிய காரணம்.

1927-ல் அவரே பம்பாய் சட்ட மேலவையில் நியமன உறுப்பினராக உட்கார்ந்தார். அவர் முதலில் பிடித்ததும் பட்ஜெட்டைத்தான். துண்டு நிலம் வைத்திருக்கும் குடியானவனும் பெரிய ஜாகிர்தாரும் ஒரே விகிதத்தில் நிலவரி கட்டுவது என்ன நியாயம்? வருமான வரியில் குறைந்த வருமானக்காரனுக்கு விலக்கு உண்டு, நிலவரியில் ஏன் இல்லை? சாராயக் கலாலில் மக்களிடம் தலைக்கு வாங்கும் தொகையைவிடக் குறைவாகத்தானே கல்விக்குச் செலவு செய்கிறீர்கள்? இதெல்லாம் அவர் அவையில் எழுப்பிய கேள்விகள். அதே வருடம் மார்ச்சில்தான் மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை எடுத்துக் குடித்தார். அடுத்தடுத்து வட்டமேசை மாநாடுகள், பூனா ஒப்பந்தம். அந்த வருடங்கள் நன்றாக எழுதப்பட்டவை, நாம் தாண்டிப் போவோம்.

பலமான மத்திய அரசை ஏன் கேட்டார்?

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். மாகாண சுயாட்சிக்கு இவ்வளவு வாதாடியவர், பிறகு ஏன் இவ்வளவு அதிகாரங்களை மத்திய அரசுக்குக் கொடுத்த அரசியலமைப்பை எழுதினார்?

இரண்டையும் அவர் ஒரே அளவுகோலால்தான் அளந்தார். மேலே இருக்கும் அரசா, கீழே இருக்கும் அரசா என்பது அவருக்கு இரண்டாவது கேள்வி. அந்த அரசு யாருக்குப் பதில் சொல்கிறது என்பதே முதல் கேள்வி. 1939 ஜனவரியில் புனேயின் கோகலே நிறுவனத்தில் பேசியபோது, 1935 சட்டம் முன்வைத்த கூட்டாட்சியைப் பிரித்து மேய்ந்தார். அதன் கீழவையில் 375 இடம், 125 சமஸ்தானங்களுக்கு. அந்த 125 பேரை மக்கள் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், மன்னர்கள் நியமிப்பார்கள். ஒவ்வொரு சமஸ்தானமும் தனித்தனியாகப் பேரம் பேசிச் சேரலாம். மன்னரின் ஆட்கள் வந்து பிரிட்டிஷ் இந்திய மக்கள் மேல் வரி போட ஓட்டுப் போடுவார்கள், தங்கள் ஊர் மக்களுக்குப் பதில் சொல்ல மாட்டார்கள். இப்படி ஒரு கூட்டாட்சி வருவதைவிட வராமலே இருக்கலாம் என்பது அவர் நிலை.

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் வந்தன. நதி அப்போது மாகாணத்தின் விஷயம். தாமோதர் பீகாரில் பிறந்து வங்காளத்தில் வெள்ளமாக வரும். அணை கட்ட வேண்டிய இடம் ஒரு மாகாணம், பலன் இன்னொரு மாகாணத்துக்கு. யார் காசு போடுவது? மத்திய அரசும் இரண்டு மாகாணங்களும் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் அமைப்பு ஒன்றை நோக்கிப் பேச்சு நடத்தினார். 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்கு கழகச் சட்டமாக அது வந்தது. காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் முதல்முறை பேசியபோது, 1935 சட்டத்தில் இருந்ததைவிட வலுவான மத்திய அரசு வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். அதற்குக் காரணங்கள் இருந்தன. கிராமத்தில் தலித்துகள் யாரிடம் அடிபட்டார்கள்? உள்ளூர்ப் பெரும்பான்மையிடம். அந்த உள்ளூர்ப் பெரும்பான்மையே மாகாண அரசையும் பிடித்தால், முறையிடுவதற்கு மேலே ஒருவர் இருந்தாக வேண்டும். சில மாதங்களில் பிரிவினையும் வந்து, மற்றவர்களும் வலுவான மத்திய அரசின் பக்கம் சாய்ந்தார்கள். 1947 ஆகஸ்டில் சட்ட அமைச்சர், அதே மாதக் கடைசியில் வரைவுக் குழுத் தலைவர்.

மத்திய அரசு என்று சொல்வதா, ஒன்றிய அரசு என்று சொல்வதா என்று சமீப வருடங்களில் தமிழ்நாட்டில் வாக்குவாதம் நடக்கிறது அல்லவா? அரசியலமைப்பின் முதல் பிரிவில் 'மாநிலங்களின் ஒன்றியம்' என்ற சொல் இருப்பது உண்மை. ஆனால் அந்தச் சொல்லுக்கு அம்பேத்கர் 1948 நவம்பரில் கொடுத்த விளக்கம் இரண்டு தரப்புக்கும் முழுசாக உதவாது. மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்த கூட்டமைப்பு இது இல்லை, எந்த மாநிலமும் பிரிந்து போக முடியாது, அதனால்தான் ஒன்றியம் என்றார்.

1949 அக்டோபர்: விற்பனை வரிக்காக ஒரு வாதம்

நிதி விஷயத்தில் அரசியலமைப்பு என்ன செய்தது என்று பார்க்கலாம். வளரும் வரிகளான வருமான வரி, சுங்கம், உற்பத்தி வரி எல்லாம் மத்திய அரசிடம். பள்ளி, ஆஸ்பத்திரி, போலீஸ் போன்ற செலவுகள் மாநிலங்களிடம். நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்ப, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நிதிக் குழு. அது 280-வது பிரிவு. பங்கு இத்தனை சதவீதம் என்று அரசியலமைப்பிலேயே எழுதவில்லை. 1882 முறையின் நோய் அவருக்கு மனப்பாடம். பங்கை மத்திய நிதித்துறை தன் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது, இரண்டு பக்கமும் சாராத ஒரு குழு சொல்ல வேண்டும் என்பது அந்த நோய்க்கு மருந்து.

மருந்து போதுமா? போதாது என்று அவரே சொன்னார். இதைத்தான் நீங்கள் கவனிக்கணும்.

1949 அக்டோபரில் விற்பனை வரி பற்றிய விவாதம் வந்தது. பொது விற்பனை வரியை இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது சென்னை மாகாணம், 1939-ல், ராஜாஜி ஆட்சியில். மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட அந்த வரி. பத்து வருடத்துக்குள் பல மாகாணங்களுக்கு அது உயிர்நாடி ஆகிவிட்டது. ஆனால் ஆளாளுக்கு ஒரு விகிதம் போட்டால் நாடு முழுக்க ஒரே சந்தையாக வியாபாரம் நடப்பது எப்படி என்று எதிர்ப்பும் இருந்தது.

அம்பேத்கர் எழுந்து, தான் முன்வைத்த நிதி ஏற்பாட்டில் ஒரு குறை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். மாநிலங்கள் பெரும்பாலும் மத்திய அரசு தரும் பணத்தை நம்பியே இருக்கின்றன என்பது குறை. இதில் என்ன ஆபத்து என்று அவர் சொன்னதை எளிமையாகச் சொன்னால் இப்படி: மக்களாட்சியில் சட்டமன்றத்துக்கு அரசின் மேல் இருக்கும் கடைசிப் பிடி, பண மசோதாவைத் தோற்கடிக்கும் அதிகாரம். மாநிலத்தின் வருவாயில் பெரும்பகுதி அந்த அவையின் ஓட்டுக்கே வராமல் வெளியே இருந்து வந்தால், தோற்கடிக்க அங்கே என்ன இருக்கிறது? எனவே பெரிய வருவாய் இனம் ஒன்றாவது மாநிலத்தின் கையிலேயே இருக்க வேண்டும். விற்பனை வரி அப்படிப்பட்டது, அதை மாநிலங்களுக்கே விடுவது சரி.

கவனியுங்கள், மாநிலத்துக்குப் பணம் போதாது என்று மட்டும் அவர் வாதாடவில்லை. போதுமான பணம் வந்தாலும், அது வெளியே இருந்து வந்தால் சட்டமன்றம் பலவீனமாகும் என்றார். அதே மூச்சில், மாநிலம் தாண்டிய வியாபாரத்துக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் மாநிலம் வரி போடாதபடி 286-வது பிரிவில் வேலியும் கட்டினார். சுதந்திரச் சந்தையும் வேண்டும், சட்டமன்றத்தின் பிடியும் வேண்டும். நடுவில் கோடு எங்கே போடுவது என்பதுதான் சண்டை.

பிறகு நடந்தது

1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியை விட்டார். நவம்பரில் கே.சி.நியோகி தலைமையில் முதல் நிதிக் குழு அமைந்தது. வருமான வரியில் மாநிலங்களுக்கு 55 சதவீதம் என்றது அது. அம்பேத்கர் 1952-ல் மாநிலங்களவைக்குப் போனார். 1955-ல் மொழிவாரி மாநிலங்கள் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஒரு மாநிலத்துக்கு ஒரு மொழி இருக்கட்டும், ஆனால் ஒரு மொழிக்காரர் எல்லோரும் ஒரே மாநிலத்தில் இருக்க வேண்டியதில்லை என்று அதில் வாதிட்டார். உத்தரப் பிரதேசத்தையும் பீகாரையும் பிரிக்காமல் விட்டால் வடக்கின் எடை தெற்கை அமுக்கும் என்றும் எச்சரித்தார். யாரும் கேட்கவில்லை.

1956 செப்டம்பரில் ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம் வந்து, மாநிலங்களுக்கு இடையிலான விற்பனைக்கு வரி போடும் அதிகாரத்தை மத்தியப் பட்டியலில் சேர்த்தது. டிசம்பர் 6-ம் தேதி டெல்லி வீட்டில் அம்பேத்கர் தூக்கத்திலேயே இறந்துபோனார். பதினைந்து நாள் கழித்து, டிசம்பர் 21-ல், மத்திய விற்பனை வரிச் சட்டம் ஒப்புதல் பெற்றது. ஆனாலும் மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கான வரி அடுத்த அறுபது வருடம் மாநிலங்களிடமே இருந்தது. விகிதத்தை ஏற்றினால் எதிர்க்கட்சி கத்தும், குறைத்தால் ஓட்டு விழும். அவர் கேட்ட பிடி அதுதான்.

2000-ல் வந்த 80-வது திருத்தம், மத்திய அரசின் பெரும்பாலான வரிகளைப் பங்கிடும் தொகுப்புக்குள் கொண்டுவந்தது. 15-வது நிதிக் குழு அதில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு ஒதுக்கியது. ஆனால் செஸ், சர்சார்ஜ் என்று வசூலிப்பது தொகுப்புக்குள் வராது. அதில் மாநிலத்துக்குப் பங்கு கிடையாது. அதே நிதிக் குழுவில் கர்நாடகத்தின் பங்கு 4.713 சதவீதத்திலிருந்து 3.647 ஆகச் சரிந்தது. நன்றாகச் சம்பாதிக்கும் மாநிலத்துக்குப் பங்கு குறைவது ஏழை மாநிலத்துக்கு நியாயம்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உபரியைப் பார்த்துப் பங்கைக் குறைத்த பழைய கதையைப் படித்தவருக்கு பெங்களூரின் கோபமும் புரியும்.

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. மாநில விற்பனை வரியின் பெரும்பகுதி அதற்குள் போனது. கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மத்திய அரசு ஒப்பாமல் எதுவும் நிறைவேறாது, எல்லா மாநிலங்களும் ஒன்றுசேர்ந்தாலும் போதாது. வருமானம் குறைந்தால் ஐந்து வருடம் ஈடு தருகிறோம், வருடத்துக்கு 14 சதவீத வளர்ச்சிக்கு உத்தரவாதம் என்று மாநிலங்களைச் சம்மதிக்க வைத்தார்கள். கொரோனா வருடத்தில் அந்த ஈட்டுத் தொகைக்கே தகராறு வந்து, கடைசியில் கடன் வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2022 ஜூனோடு ஈடு நின்றது. அதற்கு ஒரு மாதம் முன்பு, கவுன்சிலின் பரிந்துரைகள் சட்டமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. ஆனாலும் எந்த மாநிலமும் தனி வழி போகவில்லை. போனால் வரிச் சங்கிலியே அறுந்துவிடும்.

வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டியால் செக்போஸ்ட் தொல்லை ஒழிந்தது, லாரிகள் வேகமாக ஓடுகின்றன. அது சின்ன விஷயம் இல்லை. அம்பேத்கரும் ஒரே சந்தையை விரும்பியவர்தான். ஆனால் மாநிலச் சட்டமன்றம் இன்று தானாக விகிதம் மாற்றக்கூடிய பெரிய இனங்கள் என்று எண்ணினால் பெட்ரோல் - டீசல் வரி, மது, பத்திரப்பதிவு, வாகன வரி, மின்சார வரி என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். தமிழ்நாடு ஆகட்டும், கேரளா ஆகட்டும், எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் மதுக்கடையை மூடுவதற்கு நிதித்துறை தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். 1927-ல் பம்பாய் மேலவையில் கலாலையும் கல்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டாரே, அந்தக் கேள்வி இன்னும் பட்ஜெட் உரைகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது.